அம்மா கண்ணாடி இல்லாமலே ஊசி கோர்க்கிறார், பிறகு எதற்குக் கண் கிளினிக்?

கண்டாவளைப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. சீனி வருத்தம் பிடிபட்டு ஒன்பது பத்து வருடம் இருக்கும். மாதக் கிளினிக்கில் குளிசை ஒழுங்காக எடுக்கிறார். போனமுறை டொக்டர் கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொப்பிக்குள் வைத்து விட்டிருக்கிறார். அம்மா அதைக் கொண்டுவந்து சாமித்தட்டில் விபூதிப் பைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

"எனக்கென்ன குறை, கண் முந்தியைவிட வடிவாத் தெரியுது" என்பதுதான் அவருடைய கதை. அது பொய் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சக் காலத்துக்கு முன்னால் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கண் முகாம் வைத்தார்கள். எழுத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்து, கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அது இல்லாமல் அவரால் பேப்பர் வாசிக்க ஏலாது, அரிசியில் கல் பொறுக்க ஏலாது என்று இருந்தது. இப்போது சில மாதமாக அந்தக் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறார், பக்கத்து வீட்டு மாமிக்கும் கோர்த்துக் கொடுக்கிறார். ஒரே பெருமை.

ஆனால் பரந்தன் சந்தியில் நின்றால் வருகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று என்னிடம்தான் கேட்கிறார். வெயில் கூசுகிறது என்றும் சொல்கிறார். வயதுதானே என்று நானும் நினைத்தேன்.

அப்பா, "நல்லாத் தெரியுற கண்ணை ஏன் கொண்டுபோய்க் கிண்டுவான்?" என்கிறார். சித்தப்பா வேறு, அங்கே ஏதோ மருந்து விடுவார்கள், ஒருநாள் முழுக்கக் கண் தெரியாது என்று பயம் காட்டி விட்டார்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் போதாதா? கிளினிக்கில் அதைவிட என்ன பார்க்கிறார்கள்? என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் வரலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக்கச்சி வயல்காரன்:

தங்கச்சி, என்னைக் கேட்டால் அவசரமில்லை. எனக்கு 50 தாண்டிவிட்டது. வாய்க்கால் அணைக்கட்டில் நிற்கிற கொக்கை வரம்பில் நின்றே எண்ணுவேன். லைசன்ஸ் எடுக்கப் போனபோது கண்ணும் பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் அப்பு எண்பது வயது வரைக்கும் கண் டொக்டரின் முகமே பார்த்ததில்லை. சூடு அடிக்கும்போது உமி கண்ணில் பட்டால் கைப்பிள்ளைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி இரண்டு துளி விடுவார், இல்லாவிட்டால் நந்தியாவட்டைப் பூ. அடுத்தநாள் வயலுக்குப் போய்விடுவார்.

காலபோக வெட்டு முடியட்டும், ஆறுதலாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழைய நேர்ஸ், மாங்குளம்:

பிள்ளை, முதலில் கடிதத்தைச் சாமித்தட்டிலிருந்து எடுங்கள். வெட்டு முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் வன்னியிலும் வெளியிலும் கண் கிளினிக்குகளில் வேலை செய்து ஓய்வெடுத்தவள். "கண்ணாடி இல்லாமலே ஊசி கோர்க்கிறேன்" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு வருகிற அறுபது வயது அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வயதில் கிட்டப் பார்வை தானாகத் திரும்பி வராது. வந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் அம்மாவுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கண்புரை. கண்ணுக்குள் இருக்கிற வில்லையின் நடுப்பகுதி வயதோடு இறுகி மஞ்சள் பிடிக்கும்போது வில்லையின் பவர் கூடும். அதனால் கிட்டப் பார்வை கொஞ்சக் காலம் நன்றாக இருக்கும், தூரப் பார்வை மங்கும். நீங்கள் சொன்ன பஸ் கதை அதுதான். வெயில் கூசுவதும் அதோடு சேர்ந்து வருவது. கொஞ்சக் காலம் போனால் கிட்டவும் மங்கிவிடும். மற்றது, சீனி. இரத்தத்தில் சீனி கூடி நின்றால் வில்லை, ஊறவைத்த கடலை மாதிரி, நீரை இழுத்துக்கொண்டு உப்பும். அப்போதும் தூரம் மங்கிக் கிட்டம் தெளியும். சீனி இறங்கினால் பழையபடி மாறும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த நிலையில் அம்மாவைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? தூரம் தெரியவில்லை என்பார், அளவு எடுப்பார்கள், புதுக் கண்ணாடி கொடுப்பார்கள். அன்றைக்கு நன்றாகத் தெரியும். சீனி இறங்கியதும் அந்தக் கண்ணாடி சரிவராது. பிறகு கடைக்காரனுக்குப் பேச்சு. அளவு எடுத்தவனில் பிழை இல்லை, அவன் அன்றைய கண்ணை அளந்தான். சீனி சில கிழமை ஒரே நிலையில் நின்ற பிறகுதான் கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும்.

கிளினிக்கில் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். முதலில் அதே எழுத்துப் பலகைதான், ஆறு மீற்றர் தூரத்தில். ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மூன்று கால் உள்ள வடிவம் ஒன்று இருக்கும், கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். 6/6 என்றால் நல்ல பார்வை. 6/60 என்றால் நல்ல கண் 60 மீற்றரில் வாசிப்பதை இவர் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறார். வாசிக்கச் சிரமப்பட்டால் நடுவில் சின்னத் துளை போட்ட கறுப்பு மூடி ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடிப்போம். பலர் அதை விளையாட்டு என்று நினைப்பார்கள். துளையால் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் திருத்தக் கூடிய குறை. தெளியாவிட்டால் குறை வேறெங்கோ, வில்லையிலோ விழித்திரையிலோ நரம்பிலோ. ஐந்து நிமிட வேலை, ஒரு சதம் செலவில்லை, ஆனால் அந்த ஆள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

பிறகு நாடியை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டியில் ஒட்டிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். அந்த மெஷினால் கண்ணின் முன்பக்கத்தையும் வில்லையையும் பெருப்பித்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் இருக்கிற பிரசரும் அளப்பார்கள். விறைப்பு மருந்து ஒரு துளி விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் அளப்பார்கள். நோகாது, ஆனால் சாயம் லேஞ்சியில் பட்டால் மஞ்சளாகும், நல்ல சேலை கட்ட வேண்டாம். பொதுவாக 10 முதல் 21 வரை என்பது வழமையான அளவு. அந்த அளவுக்குள் இருந்தும் கண் நரம்பு பழுதாகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இலக்கத்தை மட்டும் நம்பி டொக்டர்கள் விடுவதில்லை.

சித்தப்பா சொன்ன மருந்து இதற்குப் பிறகுதான். கண்மணியை விரிக்கிற துளி மருந்து. விடும்போது எரியும். இருபது முப்பது நிமிடம் வாங்கில் இருக்க வேண்டும், சிலவேளை திரும்பவும் விடுவார்கள். பிறகு டொக்டர் ஒரு வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பின்பக்கத்து விழித்திரையைப் பார்ப்பார். உடம்பில் வெட்டாமல் கொத்தாமல் இரத்தக் குழாயை நேரே பார்க்கக் கூடிய இடம் அதுதான். சீனியும் இரத்த அழுத்தமும் குழாய்களை என்ன செய்திருக்கின்றன என்று அங்கே தெரியும். முகாமிலும் கடையிலும் பெரும்பாலும் இந்தப் பகுதிதான் இல்லை. உங்கள் டொக்டர் கடிதம் எழுதியதே இதற்காகத்தான்.

இந்த மருந்தால் கண் "தெரியாமல்" போகாது. சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் தாங்க ஏலாது. குடை கொண்டு போங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. மருந்து விட்டவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓடக் கூடாது. உங்களுக்குப் பின்னால் இருந்து வருவதென்றால் வரலாம், ஆனால் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், பஸ்தான் நல்லது. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: கண்ணுக்குள் நீர் வடிகிற மூலை ஒடுக்கமாக உள்ள ஒரு சிலருக்கு இந்த மருந்தால் பிரசர் ஏறலாம். அபூர்வம்தான், முதலே பார்த்துத்தான் விடுவார்கள். ஆனாலும் அன்றிரவு கண் கடுமையாக நொந்து, சிவந்து, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்து, சத்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"நல்லாத் தெரியுது" என்கிற கதைக்கு ஒருவரைச் சொல்கிறேன். சந்தியில் கடை வைத்திருந்த ஐயா, சீனிக்காரர். "பிள்ளை, ஐயாயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடிச்சா கள்ளத்தாளோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவன், எனக்கு எதுக்கு இந்த மருந்து?" என்று வாங்கில் இருந்துகொண்டு என்னோடு சண்டை. இரண்டு கண்ணும் 6/6 வாசித்தார். மருந்து விட்டுப் பார்த்தால் இரண்டு விழித்திரையிலும் இரத்தப் பொட்டுகள், ஒன்றில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. அவை மெல்லிய குழாய்கள், எந்த நேரமும் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். லேசர் வைத்தார்கள். பார்வை கூடவில்லையே என்று பிறகும் குறைப்பட்டார். லேசர் பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல, இருப்பதைக் காப்பதற்கு. சீனியால் விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது நோவும் இல்லை, மங்கலும் இல்லை. மங்கத் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்குச் செய்யக் கூடியது குறைந்துவிடும்.

இரண்டாம் வகைச் சீனி வருத்தம், அதாவது பெரியவர்களுக்கு வழமையாக வருவது, பிடிபட்ட அன்றே ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும். ஏனென்றால் பிடிபடுவதற்கு முன்னால் எத்தனை வருடம் உடம்பில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு வருடத்துக்கு ஒருதரம், பழுது கண்டால் டொக்டர் சொல்கிற தவணைக்கு. அம்மாவுக்கு இது முதல்தரம் என்றால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

வயல்காரத் தம்பி, கோபிக்காதீர்கள். லைசன்ஸுக்குப் பார்ப்பது வாகனம் ஓடக் கண் காணுமா என்பதைத்தான். கண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அங்கே பார்ப்பதில்லை. கண் நரம்பைப் பழுதாக்குகிற குளுக்கோமா என்கிற வருத்தம் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நேர்ப் பார்வை கடைசி வரை நிற்கும். கொக்கை எண்ணலாம், பக்கத்தால் வருகிற லாண்ட்மாஸ்டர் தெரியாது. அதுவும் ஒரு கண் விடுவதை மற்றக் கண் நிரப்பும் என்பதால் ஆளுக்கே விளங்காது. போன பார்வையைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை. வீட்டில் யாருக்காவது இருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு வருத்தமும் இல்லாதவர்களும் 40 வயதில் ஒருமுறை முழுமையாகப் பார்த்து, பிறகு இரண்டு நாலு வருடத்துக்கு ஒருதரம், 65 தாண்டினால் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருதரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாய்ப்பால், நந்தியாவட்டை இரண்டையும் விட்டுவிடுங்கள். உமியோ வைக்கோலோ கீறின கண்ணில் பூஞ்சணம் பிடித்தால் கருவிழியில் புண் வந்து வெள்ளைத் தழும்பாகிவிடும். உங்கள் அப்பு தப்பினார், சரி. தப்பாதவர்களை நான் வார்ட்டில் பார்த்திருக்கிறேன். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்மசியில் கேட்டு ஏதாவது ஸ்டீரொயிட் துளி வாங்கி விடுவது அதைவிட மோசம், பூஞ்சணப் புண்ணை அது இன்னும் பெருப்பிக்கும்.

வட்டக்கச்சி வயல்காரன்:

அக்கா, கோபம் ஒன்றுமில்லை. ஆனால் கிளினிக்கில் விடிய நாலு மணிக்கு நம்பர் எடுக்க நிற்க வேண்டியிருக்கிறதே, அதையும் ஒருக்கால் எழுதுங்கள். கூலிக்காரனுக்கு ஒருநாள் என்றால் ஒருநாள்தான்.

ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இடது கண் கொஞ்சம் மங்கல் மாதிரித்தான் இருக்கிறது.

புதுக்குடியிருப்பான்:

நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது பல பேருக்குப் பொருந்தும்.

2009இல் ஷெல் விழுந்தபோது பங்கர் வாசலில் இருந்த தேக்கங்குற்றி தெறித்து வலது கண்ணில் அடித்தது. கண் உடையவில்லை. வீங்கிக் கறுத்து, ஒரு மாதத்தில் பார்வை வந்துவிட்டது. அந்த நேரத்தில் கண் இருந்ததே பெரிய விசயம். பிறகு முகாம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று காலம் போய்விட்டது. கண்ணாடி எடுக்கலாம் என்று போன இடத்தில் ஒரு இளம் டொக்டர், "ஐயா, இந்தக் கண்ணில் எப்போதாவது அடிபட்டதா?" என்று கேட்டார். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். வலது கண்ணில் மட்டும் பிரசர் 30க்கு மேல். அடிபட்ட கண்ணில் நீர் வடிகிற மூலை உள்ளே கிழிந்து, வருடக்கணக்கு கழித்தும் இப்படிப் பிரசர் ஏறலாமாம். நோவு எதுவும் இருக்கவில்லை.

இரவில் ஒரு துளி விடுகிறேன், ஆயுள் முழுக்க விட வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. சந்திக் கடைக்காரரின் பிரிட்ஜில் சோடாப் போத்தலுக்குப் பின்னால் என் மருந்து இருக்கிறது, அவருடைய மகள் அதில் என் பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். இரவு கடை பூட்ட முதல் ஓடிப்போய் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார்கள். அங்கே போன பிறகுதான் உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் அந்த ஸ்கேன் மெஷினில் இருக்கிற காந்தம் இழுத்துவிடுமாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் சனத்தில் ஷெல் துண்டு இல்லாத உடம்பு குறைவு. டொக்டர் கேட்கும் வரைக்கும் காத்திருக்காமல் நீங்களாகவே சொல்லுங்கள்.

கண்டாவளைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நேர்ஸ் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என்ர கண் நல்லாகேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடிதத்தை எடுத்துத் தந்தார். வருகிற கிழமை போகிறோம்.

புதுக்குடியிருப்பு அண்ணை, உங்களுடையதை அப்பா தானாகவே போனை வாங்கி வாசித்தார். அவருக்கும் இடது புருவத்துக்குள் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, தொட்டால் தட்டுப்படும். கண்ணைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. அப்பாவுக்குச் சீனி இல்லை, கடிதமும் இல்லை. அம்மாவோடு வந்தால் அவரையும் பார்ப்பார்களா? அம்மா வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

இன்னொன்று: தம்பியின் மகன் மூன்றாம் வகுப்பு, புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்து வாசிக்கிறான். அவனையும் காட்டவா?

பழைய நேர்ஸ், மாங்குளம்:

பேரனைத்தான் முதலில் காட்ட வேண்டும். பிள்ளைக்கு ஒரு கண் மட்டும் குறைவாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பாவிக்காமல் விட்டுவிடும். நல்ல கண்ணைப் பொத்திவிட்டுக் குறைந்த கண்ணை வேலை வாங்கிப் பழக்கலாம், ஆனால் ஏழு எட்டு வயதுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பிந்தப் பிந்தக் கடினம். பள்ளிக்கூடத்தில் பார்க்க வரும் வரைக்கும் இருக்க வேண்டாம்.

அப்பாவுக்குக் கடிதம் வேண்டும். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, புருவத்தில் துண்டு இருக்கிறது, எப்போது பட்டது என்று சொன்னால் எழுதித் தருவார்கள். "கண் மங்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்கு விளங்காது. பழைய சிகிச்சை அட்டை ஏதும் மிஞ்சியிருந்தால் கொண்டு போங்கள். அவரையும் அம்மாவையும் ஒரே நாளில் கொண்டு போக வேண்டாம். இரண்டு பேருக்கும் மருந்து விட்டால் யார் யாரைப் பிடித்துக்கொண்டு வருவது?

வயல்காரத் தம்பி, நம்பர் வரிசை உண்மைதான், அதில் எனக்கும் கோபம் உண்டு. முதல் வருகைக்குத்தான் அந்தப் பாடு. கொப்பி போட்டுத் தவணை எழுதிவிட்டால் பிறகு கொஞ்சம் லேசு. மங்கலாகத் தெரிகிற இடது கண்ணோடு வெட்டு முடியும் வரைக்கும் இருக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பான், மருந்துப் போத்தலை உடைத்த திகதியைப் பேனையால் அதிலேயே எழுதி வையுங்கள். உடைக்காத போத்தல்தான் கட்டாயம் குளிரில் இருக்க வேண்டும். உடைத்ததை எத்தனை கிழமை வெளியில் வைக்கலாம் என்று பார்மசியில் உங்கள் மருந்தைக் காட்டிக் கேளுங்கள். உங்களுடையது வெளியில் நிற்கக் கூடியது என்றால் இரவில் கடைக்கு ஓடத் தேவையில்லை. உங்களுக்கு மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் அதையும் கண் டொக்டரிடம் சொல்லுங்கள், பிரசருக்கு விடுகிற துளிகளில் சிலது இழுப்பைக் கூட்டும்.

அம்மாவுக்கு வெறும் வயிறு வேண்டாம். அது இரத்தம் எடுக்கும் நாளைக்குத்தான். காலைக் குளிசையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், குளிசைப் பெயர், அந்தப் பழைய வாசிப்புக் கண்ணாடி எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். ஒரு பிஸ்கட் பைக்கற்றும் தண்ணீர்ப் போத்தலும் வையுங்கள். குளிசை போட்டுவிட்டு மத்தியானம் தாண்டியும் வாங்கில் இருந்து, சீனி இறங்கி மயங்கினவர்களைத் தூக்கிக் கிடத்தியிருக்கிறோம்.